கையில் பிரஷ், மடியில் ஊசி: குவில்ட் கேள்வி-பதில்

துணியில் கையால் வரைந்து, மூன்று அடுக்காகச் சேர்த்துத் தைக்கும் போர்வையான குவில்ட் பற்றி வந்த கேள்விகளை ஒரே மூச்சில் படித்தேன். எல்லாருக்கும் ஒரே பாட்டுதான்: வீட்டில் இடம் இல்லை, கையில் காசு இல்லை.

ஒரு ஹால், ஒரு பெட்ரூம் வீடு. துணியை விரித்து வரைய எங்கே போவது?

முழுத் துணியை விரித்தால்தானே இடம் வேண்டும்? முதலிலேயே 13 அங்குலச் சதுரங்களாக வெட்டிவிடுங்கள். 44 அங்குல அகலத் துணி துவைத்ததும் கொஞ்சம் சுருங்கினாலும் குறுக்கே மூன்று சதுரம் தாராளமாக விழும். குழந்தைப் போர்வைக்கு 12 சதுரம், ஒன்றரை மீட்டர் துணி. தையலுக்கு நாலு பக்கமும் கால் அங்குலம் போக, 50-க்கு 37½ அங்குலம் வரும்.

டிவி வந்த அட்டைப்பெட்டியில் 15 அங்குலத் துண்டு வெட்டி, பாலித்தீன் சுற்றி, சதுரத்தைத் துணி கிளிப்பால் மாட்டுங்கள். அதுதான் மேஜை. வரைந்ததும் அட்டையோடு தூக்கி பீரோ மேல் வைத்துவிடலாம்.

தையலையும் சதுரம் சதுரமாகவே முடியுங்கள். மேல் துணி, நடு அடுக்கு, 14 அங்குல அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கும்போது ஓரத்தில் ஒரு அங்குலம் தைக்காமல் விடுங்கள். கடைசியில் மேல் துணிகளை மட்டும் இணைத்து, நடு அடுக்குகள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும்படி நறுக்கி, அடித்துணி ஒன்றை மடித்து மற்றதன் மேல் கையால் ஹெம்மிங் போடுங்கள். முழுப் போர்வையைச் சுருட்டி மெஷினின் கழுத்துக்குள் திணிக்கும் மல்யுத்தம் மிச்சம்.

பட்ஜெட் குறைவு. எதில் மிச்சம் பிடிக்கலாம்?

பெயின்ட்டில் மட்டும் வேண்டாம். துணிக்கென்றே விற்கும் ஃபேப்ரிக் கலராக வாங்குங்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, வெள்ளை, இந்த ஐந்தில் மற்றதைக் கலந்துகொள்ளலாம். மேல் துணிக்குக் காடா அல்லது பாப்ளின். அடியில் பழைய வேட்டி. நடுவில் பழைய ஃபிளானல் போர்வை, இல்லையென்றால் நைந்த பருத்திச் சேலையில் இரண்டு மூன்று மடிப்பு. வங்காளத்துக் காந்தா இப்படிப் பழைய சேலைகளை அடுக்கி ரன்னிங் தையல் போட்டு வந்ததுதான். நம் ஊர் குளிருக்கு அதுவே ஜாஸ்தி. இலவம்பஞ்சை உதிரியாக நிரப்பினால் மூலைக்கு மூலை உருண்டுபோகும்.

எந்தத் துணியானாலும் வெட்டுவதற்கு முன் வெந்நீரில் அலசிக் கஞ்சியைப் போக்குங்கள். கஞ்சி இருந்தால் பெயின்ட் நூலுக்குள் இறங்காமல் மேலேயே உட்கார்ந்து, முதல் சலவையில் கஞ்சியோடு கிளம்பிவிடும். காய்ந்த துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் இன்னொரு முறை அலச வேண்டும். சட்டென்று பரவினால் சரி.

வரைந்த இடம் அட்டை மாதிரி விறைக்கிறது. ஊசியும் இறங்க மாட்டேன் என்கிறது.

என் முதல் போர்வையும் இப்படித்தான். சதுரம் நிறைய சூரியகாந்தி, மஞ்சள் இரண்டு கோட். போர்த்திக்கொண்ட என் மகள், "அம்மா, இது ஆட்டோ சீட்டும்மா" என்றாள். ஃபேப்ரிக் கலர் அக்ரிலிக் வகை. காய்ந்தால் பிளாஸ்டிக் படலம்தான். துணியின் இழை தெரிகிற அளவுக்கு ஒரே ஒரு மெல்லிய பூச்சு போதும். தண்ணீரை ஊற்றி நீர்க்க வைத்தால் கோடு பரவும், பிடிப்பும் குறையும். பெயின்ட்டை இளக்குவதற்கென்று கூடவே விற்கும் மீடியம் என்ற திரவத்தைக் கலக்குங்கள்.

சதுரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரையக் கூடாது என்பது என் கட்சி. இலைக்கும் பூவுக்கும் நடுவே ஊசி போக வழி விட்டு வரையுங்கள், அந்த வழியிலேயே தையுங்கள். படலத்தில் விழுந்த ஓட்டை மூடாது. பிரித்துத் தைத்தால் அம்மைத் தழும்பு போலத் தெரியும்.

வீட்டுக்கு அடித்த எமல்ஷன் மிச்சம் இருக்கிறது. அதில் வரையலாமா?

வேண்டாம். மடிக்கிற இடத்தில் வெடித்து உதிரும்.

எனக்கு வரையவே வராது.

கோலம் வருமா? அது போதும். இரண்டு அங்குல இடைவெளியில் 5-க்கு 5 புள்ளி. பிரஷ்ஷின் பின்முனையைப் பெயின்ட்டில் தொட்டு வைத்தால் ஒவ்வொன்றும் மிளகு அளவுக்கு உருண்டையாக வரும். சுற்றி வளையும் சிக்குக் கோட்டை வரையாதீர்கள், நூலால் போடுங்கள். ஒரே இழையில் முடிகிற கோலமா என்று முதலில் தாளில் போட்டுப் பார்த்துக்கொண்டால், நூலை அறுக்காமல் மெஷினை ஓட்டலாம். நான் தைத்ததிலேயே எனக்குப் பிடித்த போர்வை இதுதான். பெயின்ட் செலவும் சொற்பம். கோட்டுக்குப் பென்சிலை லேசாக வையுங்கள். நீலக் கார்பன் தாளைத் தொடாதீர்கள், அந்தக் கறை லேசில் போகாது.

கலம்காரி மாதிரி இயற்கைச் சாயத்தில் செய்ய ஆசை.

கலம்காரிக்குப் பேர்போன காளஹஸ்தியில் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் சேர்த்து நனைத்துக் காயவைப்பார்கள். பாலின் கொழுப்பு மையைப் பரவவிடாது. வெல்லத்தோடு ஊறிய இரும்பு நீர், துணியில் ஏறிய கடுக்காய்த் துவர்ப்பைத் தொட்டதும் கறுக்கும். நம் பக்கத்துக் கருப்பூர் கலம்காரிக்கும் 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் இந்த வேலைக்கு ஓடுகிற தண்ணீர் வேண்டும், துணி உலர வெட்டவெளி வேண்டும். பிளாட்டில் பால் வாடைக்கே பக்கத்து வீட்டார் கதவைத் தட்டுவார்கள். கறுப்பை மட்டும் முயன்று பாருங்கள்: துருப்பிடித்த ஆணி, வெல்லம், தண்ணீர், மூன்று வாரம். புளித்து வாயு வரும், ஜாடி மூடியை இறுக்காதீர்கள்.

துவைத்தால் கலர் போகுமா?

ஒரு நாள் காயவிட்டு (மழைக்காலமென்றால் இரண்டு), பின்புறமாகத் திருப்பி, காட்டன் சூட்டில் சதுரத்துக்கு மூன்று நாலு நிமிடம் அயர்ன் செய்யுங்கள். அடுக்கித் தைப்பதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். மூன்று நாள் கழித்தே தண்ணீர். பச்சைத் தண்ணீரில் அலசி, முறுக்காமல், நிழலில் போடுங்கள். டிரை கிளீனிங் கூடவே கூடாது. பரிசாகக் கொடுப்பதென்றால் இதை ஒரு சீட்டில் எழுதிக் கூடவே வைத்துக் கொடுங்கள்.