டெட் பண்டி எங்கே, எப்போது படித்தான்: ஆவணம் தேடுபவர் முகவருக்குப் பணம் கட்ட வேண்டுமா?

கேள்வி: அமெரிக்கத் தொடர்கொலையாளி டெட் பண்டியின் இளமைக்காலம் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுதி வருகிறேன். அவன் எந்தெந்தக் கல்வி நிலையங்களில், எந்த ஆண்டுகளில் படித்தான் என்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். அவனுடைய பள்ளி, பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியல்களை நோட்டரி முத்திரையுடன் வாங்கித் தருவதாக ஒரு முகவர் 300 டாலர் கேட்கிறார். பண்டி இறந்துவிட்டதால் பல்கலைக்கழகங்கள் அவற்றைக் கொடுத்தே தீர வேண்டும் என்பது சட்டம் என்றும் சொல்கிறார். நம்பி வாங்கலாமா? (கோயம்புத்தூர் வாசகர் ஒருவர்)

பதில்: வாங்காதீர்கள். அந்தப் பணத்துக்கு உங்கள் கைக்கு வரப்போவது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் தாள்களின் அச்சுப் பிரதியாகவோ, யாரோ கணினியில் தயாரித்த போலிப் பட்டியலாகவோதான் இருக்கும். உங்கள் கட்டுரைக்கு மதிப்பெண்கள் தேவையில்லை. எங்கே படித்தான், எப்போதிலிருந்து எப்போது வரை, என்ன பட்டம் பெற்றான் என்ற மூன்றும் உறுதியானால் போதும். அவற்றைக் கோயம்புத்தூரில் இருந்தபடியே மின்னஞ்சல் வழியாக நீங்களே கேட்டுப் பெற முயலலாம்.

முதலில் இன்று பொதுவாக ஏற்கப்பட்டிருக்கும் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். பண்டி 1946 நவம்பர் 24 அன்று வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டனில் பிறந்தான். வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகரில் வளர்ந்து, அங்கிருந்த உட்ரோ வில்சன் உயர்நிலைப் பள்ளியில் 1965-இல் படிப்பை முடித்தான். அதே ஊரில் உள்ள பியூஜெட் சவுண்ட் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு படித்துவிட்டு, 1966-இல் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு மாறிச் சீன மொழி படித்தான். 1968-இன் தொடக்கத்தில் படிப்பை விட்டான். 1969-இன் முற்பகுதியில் பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு பருவம் படித்தான். பிறகு சியாட்டிலுக்குத் திரும்பி, உளவியலை எடுத்து, 1972-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றான். 1973 இலையுதிர் காலத்தில் பியூஜெட் சவுண்ட் பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளியில் சேர்ந்து, 1974-இன் வசந்த காலத்துக்குள் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டான். அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில் சால்ட் லேக் சிட்டியில் உள்ள யூட்டா பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளியில் சேர்ந்தான். 1975 ஆகஸ்டில் கைதானான். சட்டப் பட்டம் அவன் எங்கும் பெறவில்லை.

நீங்கள் பார்த்த ஆண்டுகள் முரண்படுவதற்குப் பெரும்பாலும் ஒரு சாதாரணக் காரணமே உண்டு. அமெரிக்கக் கல்வியாண்டு இலையுதிர் காலத்தில் தொடங்கி அடுத்த ஆண்டின் கோடையில் முடிகிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகமோ ஆண்டை அரையாண்டுகளாக அல்லாமல் காலாண்டுகளாகப் பிரித்து நடத்துகிறது. ஒருவர் அனுமதி கிடைத்த ஆண்டை எழுதுவார், இன்னொருவர் வகுப்பு தொடங்கிய ஆண்டை எழுதுவார், மூன்றாமவர் இரண்டையும் கலந்து எழுதுவார், அதை நூறு பேர் அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். ஆகவே ஆண்டை மட்டும் கேட்காதீர்கள். எந்தப் பருவத்தில் பதிவு, எந்தப் பருவத்தில் விலகல் என்று கேளுங்கள்.

நிறுவனங்களின் பெயரில்தான் அதிகம் பேர் வழுக்கி விழுகிறார்கள். உட்ரோ வில்சன் உயர்நிலைப் பள்ளி என்ற பெயரில் டகோமாவில் இன்று பள்ளி இல்லை. 2021-இல் அதற்கு டாக்டர் டொலோரஸ் சைலஸ் உயர்நிலைப் பள்ளி என்று பெயர் மாற்றப்பட்டது. பழைய பெயரில் தேடுபவருக்கு வேறு மாநிலங்களில் உள்ள வில்சன் பள்ளிகள்தான் முதலில் கண்ணில் படும். வாஷிங்டன் பல்கலைக்கழகம் என்ற பெயரிலும் இதே குழப்பம்தான். பண்டி படித்தது சியாட்டிலில் உள்ள மாநிலப் பல்கலைக்கழகம். செயின்ட் லூயிஸ் நகரில் அதே பெயரைத் தாங்கிய தனியார் பல்கலைக்கழகம் ஒன்றும், புல்மன் நகரில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம் என்று வேறொன்றும் உள்ளன. தவறான அலுவலகத்துக்கு எழுதி, ‘அப்படி ஒரு மாணவர் எங்கள் பதிவில் இல்லை’ என்று பதில் வந்ததும், பண்டி பட்டமே பெறவில்லை என்று பரபரப்பாக எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். இவை எல்லாவற்றிலும் சட்டப் பள்ளியின் கதைதான் சிக்கலானது. 1973-இல் அவன் சேர்ந்த டகோமா சட்டப் பள்ளி 1994-இல் முழுவதுமாகச் சியாட்டில் பல்கலைக்கழகம் என்ற வேறொரு நிறுவனத்துக்குக் கைமாறியது. எனவே 1965-66 ஆண்டின் படிப்பைப் பற்றிப் பியூஜெட் சவுண்ட் பல்கலைக்கழகத்திடமும், 1973-74 ஆண்டின் சட்டப் படிப்பைப் பற்றி முதலில் சியாட்டில் பல்கலைக்கழகத்திடமும் கேட்க வேண்டும்.

இறந்தவரின் ஆவணத்தைக் கொடுத்தே தீர வேண்டும் என்று முகவர் சொன்னதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனென்றால் அரை உண்மையை வைத்துத்தான் இந்த வியாபாரம் முழுவதும் நடக்கிறது. அமெரிக்காவில் மாணவர்களின் கல்விப் பதிவுகளைக் காப்பது ‘ஃபெர்ப்பா’ எனப்படும் 1974-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். கல்லூரி மாணவரின் பதிவை அவருடைய எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் வெளியாருக்குக் கொடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். பெயர், படித்த காலம், பெற்ற பட்டம் போன்ற அடிப்படைத் தகவல்களை மட்டும் நிறுவனம் விரும்பினால் வெளியிடலாம். மாணவர் இறந்தவுடன் அந்தச் சட்டம் தந்த உரிமை முடிந்துவிடுகிறது என்பது உண்மை. பண்டிக்கு 1989 ஜனவரி 24 அன்று ஃபுளோரிடாவில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஆனால் ‘கொடுக்கக் கூடாது’ என்ற தடை விலகுவதாலேயே ‘கொடுத்தாக வேண்டும்’ என்ற கட்டாயம் பிறந்துவிடாது. தடை நீங்கிய பிறகு முடிவு நிறுவனத்தின் விருப்பத்துக்கு விடப்படுகிறது, அவ்வளவுதான். பியூஜெட் சவுண்டும் சியாட்டில் பல்கலைக்கழகமும் தனியார் நிறுவனங்கள். தகவல் உரிமைச் சட்டம் எதைக் காட்டியும் அவற்றைக் கேட்க முடியாது. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் அரசு நிறுவனம் என்பதால் மாநிலப் பொது ஆவணச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. அந்தச் சட்டத்தின்படி யார் வேண்டுமானாலும், எந்த நாட்டிலிருந்தும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அதே சட்டத்திலேயே மாணவர்களின் கோப்புகளில் உள்ள தனிப்பட்ட விவரங்களுக்கு விலக்கு இருக்கிறது. ஆகவே மத்தியச் சட்டம் விலகி நின்றாலும் மாநில விலக்கைக் காட்டி அவர்கள் மறுக்கலாம். நீங்கள் கேட்கலாம், அவர்கள் தரலாம், தராமலும் போகலாம். இந்த நிலையை எந்த முகவராலும் மாற்ற முடியாது. அவர் அனுப்புவதும் நீங்கள் அனுப்பக்கூடிய அதே விண்ணப்பம்தான்.

நோட்டரி முத்திரையைப் பார்த்து மயங்க வேண்டாம். நம் ஊர்ப் பதிவாளர் அலுவலக வாசலில் நிற்கும் தரகர், எந்தத் தாளாக இருந்தாலும் அதன் மேல் ஒரு முத்திரை குத்தி வாங்கினால் அது உண்மையாகிவிட்டது போலப் பேசுவாரே, அதே வித்தைதான் இது. அமெரிக்க நோட்டரி பொதுவாக உறுதிசெய்வது, தன் முன்னால் கையெழுத்திட்டவர் இன்னார்தான் என்பதை மட்டுமே; தாளில் உள்ள செய்தி சரியா என்பதை அவர் பார்ப்பதில்லை. ‘இது உண்மையான பிரதி என்று நான் அறிவேன்’ என்று முகவரே எழுதிக் கையெழுத்திட்டு, அதன் கீழ் முத்திரை வாங்கித் தந்தால், அந்த முத்திரைக்கு வரலாற்று மதிப்பு எதுவும் கிடையாது. பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்திலிருந்து உங்கள் முகவரிக்கு நேரடியாக வராத எதையும் ‘மூல ஆவணம்’ என்று கட்டுரையில் எழுதாதீர்கள்.

இவர்கள் விற்கும் இன்னொரு சரக்கு, ‘பழைய பெயரில் உள்ள ரகசியப் பள்ளி ஆவணம்’. பண்டி பிறந்தபோது தியடோர் ராபர்ட் கவெல். 1950-இல் அவன் தாய் அந்தப் பெயரை நெல்சன் என்று மாற்றினார். 1951-இல் ஜானி பண்டி என்பவரை அவர் மணந்த பிறகுதான் பண்டி என்ற குடும்பப் பெயர் வந்தது. அப்போது பையனுக்கு நான்கு வயது. கவெல் என்ற பெயரில் தொடக்கப் பள்ளி மதிப்பெண் இருப்பதாக யாராவது சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். 1965-ஆம் ஆண்டின் பள்ளி ஆண்டு மலரில் உள்ள அவனுடைய படத்தைக் கண்ணாடிச் சட்டகத்தில் மாட்டி விற்பவர்களும் இருக்கிறார்கள். கொலைகாரர்களின் பொருள்களைக் காசாக்கும் அந்தச் சந்தையில் நீங்கள் போடும் ஒவ்வொரு டாலரும் இறந்துபோன பெண்களின் குடும்பங்களை மீண்டும் வதைக்கும் தொழிலுக்குத்தான் போகிறது. ஆண்டு மலரைப் பார்க்க வேண்டுமானால் டகோமா பொது நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவுக்கு எழுதுங்கள். நூலகர்கள்தான் இந்தத் துறையில் கூலி எதிர்பாராமல் உதவுபவர்கள்.

அலுவலகங்களை முழுவதும் புகழவும் எனக்கு மனம் வரவில்லை. வாஷிங்டன் மாநிலச் சட்டம் ஐந்து வேலை நாள்களுக்குள் பதில் தர வேண்டும் என்கிறது. ஆனால் ‘கிடைத்தது, பரிசீலிக்கிறோம், உத்தேசமாக இந்தத் தேதிக்குள் சொல்கிறோம்’ என்பதும் சட்டப்படி ஒரு பதில்தான். அந்தத் தேதி வந்ததும் இன்னொரு தேதி வரும். பட்டச் சான்று கோரும் படிவங்கள் மாணவர் எண்ணையும் மாணவரின் கையெழுத்தையும் கேட்பதுண்டு. முப்பது ஆண்டுகளுக்கும் முன்பு இறந்தவனின் கையெழுத்துக்கு எங்கே போவது என்று அந்தப் படிவத்தை வடிவமைத்தவர் ஒரு நிமிடம்கூட யோசித்திருக்க மாட்டார். வரலாற்று ஆய்வாளருக்கென்று ஒரு பக்கப் படிவம் வைத்திருந்தால் இந்த முகவர்கள் பாதிப் பேர் தொழிலை விட்டே போயிருப்பார்கள். படிவத்தை விட்டுவிட்டு, பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்துக்கு நேரடியாகக் கடிதம் எழுதுவதே வழி.

கல்வி நிலையங்கள் மறுத்தாலும் உங்கள் வேலை நின்றுவிடாது. பண்டி இறந்த பிறகு, பல மாநிலக் காவல் துறைகளும் மத்தியப் புலனாய்வு நிறுவனமான எஃப்.பி.ஐ.யும் சேர்ந்து அவனுடைய நடமாட்டத்தைக் காலவரிசைப்படி தொகுத்து 1992-இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. அது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதை அடித்தளமாக வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அதனோடு ஒப்பிடுங்கள். 1976-இல் யூட்டாவில் கடத்தல் வழக்கில் குற்றவாளி எனத் தீர்ப்பான பின், தண்டனையை முடிவு செய்வதற்கு முன்பாக நீதிமன்றம் அவனைச் சிறையில் உளவியல் பரிசோதனைக்கு உட்படுத்தியது. அந்த மதிப்பீட்டிலும் படிப்பு பற்றிய செய்திகள் உண்டு. ஆனால் அதில் அவனே சொன்னது எது, பரிசோதித்தவர் வேறு இடத்தில் விசாரித்து அறிந்தது எது என்று பிரித்துப் பார்த்தே எழுத வேண்டும். பள்ளியில் நண்பர்கள் இல்லாமல் ஒதுங்கி இருந்ததாக அவன் பிற்காலத்தில் சொன்னான். உடன் படித்தவர்கள் சிலரோ அவன் பலருக்கும் அறிமுகமான, பிடித்தமான மாணவன் என்றார்கள். பொய் சொல்வதில் தேர்ந்தவனின் வாக்குமூலத்தை, அது நீதிமன்றக் கோப்புக்குள் இருக்கிறது என்பதற்காகவே ஆதாரமாக்கக் கூடாது.

இந்த ஆண்டுகளைச் சரியாகப் பிடிப்பது வெறும் பிடிவாதம் அல்ல. 1979-இல் மயாமியில் மரண தண்டனை விதித்த நீதிபதி எட்வர்ட் கவார்ட், நீ நல்ல வழக்கறிஞர் ஆகியிருக்கலாம் என்று அவனிடம் சொன்னதிலிருந்து, ‘அபாரமான சட்ட மாணவன்’ என்ற கட்டுக்கதை இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. காலவரிசையைப் பாருங்கள்: இரண்டு சட்டப் பள்ளிகள், ஒன்றிலும் பட்டம் இல்லை; சட்டப் படிப்புக்கான நுழைவுத் தேர்வில் மதிப்பெண் சுமார்தான், வாஷிங்டன் மாநில ஆளுநர் டான் எவன்ஸ் உள்ளிட்டோரின் பரிந்துரைக் கடிதங்கள்தான் கதவைத் திறந்தன. அதேபோல, 1974 பிப்ரவரியிலும் ஜூனிலும் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவியர் இருவர் காணாமல் போனார்கள். அப்போது அவர்கள் பண்டியின் வகுப்புத் தோழிகளாக இருந்தார்கள் என்று எழுதுபவர்கள், அவன் அங்கே 1972-லேயே பட்டம் பெற்று வெளியேறியதைக் கவனிப்பதில்லை. தம்மைப் பற்றிப் பேச முடியாத அந்தப் பெண்களுக்கு, அவனோடு உறுதிப்படாத உறவை நாம் எழுதிச் சேர்ப்பது பெரிய அநீதி.

கடிதத்தைச் சுருக்கமாக எழுதுங்கள். முழுப் பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி, படித்ததாகக் கருதப்படும் பருவங்கள் ஆகியவற்றைக் கொடுத்து, பதிவுக் காலம், பாடப் பிரிவு, பட்டம் ஆகிய மூன்றை மட்டும் உறுதிப்படுத்தக் கேளுங்கள். மதிப்பெண் என்ற சொல்லே வேண்டாம், அதைப் பார்த்ததும் கடிதம் சட்டப் பிரிவுக்குப் போய்த் தூங்கிவிடும். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனிக் கடிதம் அனுப்புங்கள். வரும் பதிலை அனுப்பியவரின் பதவி, தேதியோடு சேமித்து வைத்து, கட்டுரையில் எந்தப் பருவத்தை எந்த அலுவலகம் உறுதிசெய்தது என்று குறிப்பிடுங்கள். பதில் வராத பருவங்களுக்கு 1992 அறிக்கையின் ஆண்டையே எடுத்துக்கொண்டு, அது அறிக்கையின் கூற்று என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.