இதய நோய் ஆராய்ச்சிகளில் சாதாரணக் குடும்பத்துக்கு நிஜமாக உதவுவது எது?

கேள்வி: மாரடைப்பு, ரத்தக்குழாய் அடைப்பு பற்றித் தினமும் ஒரு புது ஆராய்ச்சி என்று செய்தி வருகிறது. வேலூர்ப் பக்கம் இருக்கும் எங்களைப் போன்ற குடும்பத்துக்கு அதில் எது உதவும்? அப்பாவுக்கு பிரஷர் இருக்கிறது. அப்பாவின் அண்ணன் மாரடைப்பில் இறந்தவர்.

பதில்:

குடியாத்தத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். மருத்துவர் இல்லை, பார்மசிஸ்ட். இதய மாத்திரை வாங்க வருகிறவர்களோடு தினமும் பேசுகிறவன் என்பதால் இந்த விஷயத்தில் வரும் ஆய்வுகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் உண்டு. நீங்கள் கேட்டதற்கு என் பதில் இதுதான்: நமக்கு அதிகம் உதவியது புது மருந்தைக் கண்டுபிடித்த ஆய்வு இல்லை. ஏற்கனவே இருக்கிற மலிவான மருந்து, சரியான ஆளுக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர வழி சொன்ன ஆய்வுகள்தான்.

முதலில் ஒரு பழைய ஆய்வைச் சொல்ல வேண்டும். 'கிரியேட்' என்ற பெயரில் இந்தியா முழுக்க மாரடைப்பு, மாரடைப்புக்கு முந்தைய நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்கு வந்த 20,468 பேரின் விவரங்களைத் திரட்டினார்கள். 2008-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. வலி தொடங்கியதிலிருந்து ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க ஆன இடைநிலை நேரம் 360 நிமிடம், அதாவது பாதிப் பேருக்கு அதற்கும் மேல். ஆறு மணி நேரம்! ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி முதல் மூன்று மணி நேரத்துக்குள்தான் நன்றாக வேலை செய்யும். போகப் போக அதன் பலன் குறையும். ஏழைகளில் 8.2 சதவீதம் பேர் இறந்தார்கள், வசதியானவர்களில் 5.5 சதவீதம். என்னை மிகவும் பாதித்தது அடுத்த வரி. கிடைத்த சிகிச்சையில் இருந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்ததும் இந்த இடைவெளி மறைந்துவிட்டது. அதாவது ஏழையின் இதயம் பலவீனமாக இருந்ததால் அவர் சாகவில்லை. அவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காததால் செத்தார். இதைப் படித்த பிறகு 'எல்லாம் தலையெழுத்து' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது.

அந்தக் குறையைச் சரிசெய்ய முடியுமா என்று தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்த்தார்கள். 'தமிழ்நாடு ஸ்டெமி' என்று பெயர். ஸ்டெமி என்றால் ரத்தக்குழாய் முழுதாக அடைபட்டு வரும் மாரடைப்பு. 2012 முதல் 2014 வரை நடந்தது, முடிவுகள் 2017-ல் வந்தன. வேலூர் சி.எம்.சி.யும் அதில் ஒரு மையம். யோசனை எளிமையானது. ஆஞ்சியோகிராம் வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரி நடுவில் இருக்கும், சுற்றியுள்ள சின்ன ஆஸ்பத்திரிகள் அதோடு இணைந்திருக்கும். நெஞ்சுவலி என்று வருகிறவருக்குச் சின்ன ஆஸ்பத்திரியிலேயே ஈ.சி.ஜி. எடுத்து அனுப்புவார்கள். மாரடைப்பு என்று தெரிந்தால் கட்டி கரைக்கும் ஊசியை அங்கேயே போட்டுவிட்டு, ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, அடுத்த 3 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம் செய்வார்கள். 2,420 நோயாளிகள். ஆஞ்சியோகிராம் கிடைத்தவர்கள் 35 சதவீதத்திலிருந்து ஏறக்குறைய 61 சதவீதமானார்கள். ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். நூற்றுக்கு மூன்று நான்கு உயிர் என்பது சின்ன எண் மாதிரி தெரியலாம். இத்தனைக்கும் அதற்காக எந்தப் புது மருந்தும் வரவில்லை. இருந்த ஊசியும் இருந்த 108 வண்டியும் ஒழுங்காக ஒன்று சேர்ந்தன, அவ்வளவுதான்.

கடையில் பார்ப்பதைச் சொன்னால் இதன் அருமை புரியும். ஒருநாள் இரவு ஷட்டரைப் பாதி இறக்கிய நேரத்தில் ஒரு நெசவாளி வந்தார். கைலி, பனியன். பனியன் முழுக்க நனைந்திருந்தது, வெளியே மழை இல்லை. உள்ளங்கையை நெஞ்சின் நடுவில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "தம்பி, கேஸ் அடச்சிக்கினு இருக்குது, ஒரு ஜெலுசில் குடு" என்றார். எத்தனை நேரமாக என்று கேட்டேன். சாயந்திரம் தறியில் உட்கார்ந்திருந்தபோதே ஆரம்பித்ததாம். ஓமத் தண்ணீர் குடித்தாராம், சோடா குடித்தாராம், வீட்டில் முதுகு நீவி விட்டார்களாம். இடது கையை மெதுவாக உதறிக்கொண்டே பேசினார். நான் ஜெலுசில் கொடுக்கவில்லை. ஸ்டூலில் உட்காரவைத்து 108-க்குப் போன் செய்தேன், பையனை அனுப்பி அவர் வீட்டுக்குச் சொன்னேன். அரசு ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்ததும் ஊசி போட்டு, அன்று இரவே வேலூருக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போதும் மாதாமாதம் மாத்திரை வாங்க வருகிறார், பெரிய பேச்சுக்காரர், வந்தால் அரை மணி நேரம்.

நம் ஊரில் நெஞ்சில் எது வந்தாலும் அது வாயுதான். அந்த நினைப்பில் போகிற நேரம்தான் அந்த ஆறு மணி நேரத்தில் பெரும்பகுதி என்று நான் நம்புகிறேன். நெஞ்சின் நடுவே அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சு வாங்குதல், இதில் எது வந்தாலும் ஈ.சி.ஜி. எடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் மூச்சுத்திணறலும் அசதியுமாக வரலாம். முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் வலி நிற்காவிட்டால் இன்னொரு தடவை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். உரிமையோடு கேட்கலாம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2023 ஜூனில் தமிழக அரசு 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தொடங்கியது. மாரடைப்பு அறிகுறியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவருக்கு அங்கேயே 14 மாத்திரைகள் கொடுத்து மேல் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள்: ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் 8. இதற்கும் பின்னால் ஆராய்ச்சி உண்டு. 1988-ல் வந்த 'ஐசிஸ்-2' ஆய்வில் 17,187 பேரைச் சேர்த்தார்கள். மாரடைப்பு வந்தவுடன் ஆஸ்பிரினும் கட்டி கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசியும் சேர்த்துக் கொடுத்ததில் முதல் ஐந்து வாரச் சாவு 42 சதவீதம் குறைந்தது. சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற ஆஸ்பிரினுக்கு அதில் பாதிப் பங்கு.

உடனே "அப்படியானால் அப்பாவுக்குத் தினமும் ஒரு ஆஸ்பிரின் கொடுக்கலாமா" என்று கேட்பீர்கள். வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டிக் கடையில் கேட்கிறவர்கள் நிறைய. மாரடைப்போ பக்கவாதமோ இதுவரை வராதவர்கள் தாமாகத் தினமும் ஆஸ்பிரின் போடுவது பற்றி 2018-ல் மூன்று பெரிய ஆய்வுகள் வந்தன. நன்மை இல்லை அல்லது கொஞ்சம், ரத்தக்கசிவு அபாயம் அதிகம் என்று தெரிந்தது. ஆகவே மருத்துவர் எழுதாமல் வேண்டாம்.

அப்பாவின் பிரஷருக்கு வருகிறேன். பிரஷர்காரர்களில் பலர் ஒரே மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிட்டுக்கொண்டு 150, 160-லேயே இருக்கிறார்கள். 'தலைசுற்றல் இல்லை, நான் நல்லாத்தான் இருக்கேன்' என்று பாதி அட்டை வாங்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. 2024-ல் வந்த 'டாப்ஸ்பின்' என்ற ஆய்வு முழுக்க இந்தியர்களை வைத்தே நடந்தது, ஏறக்குறைய 2,000 பேர். இரண்டு மருந்துகளை ஒரே மாத்திரையில் சேர்த்து, மூன்று விதமான ஜோடிகளாகக் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றுமே ஒரே மாதிரி வேலை செய்தன, பத்தில் ஏழு பேருக்கு பிரஷர் 140/90-க்குக் கீழே வந்தது. எந்தக் கம்பெனி, எந்தக் கலவை என்று அலட்டிக்கொள்வதை விட, தினமும் ஒரு மாத்திரையை விடாமல் போடுவதுதான் காரியம். அப்பாவுக்குத் தனித்தனியாக இரண்டு மூன்று இருந்தால், ஒன்றாகச் சேர்த்து எழுத முடியுமா என்று மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிற தெருவாக இருந்தால் அதையும் விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் உப்பு. சீனாவில் 600 கிராமங்களில் 20,995 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது, 2021-ல் முடிவு வந்தது. பாதிக் கிராமங்களில் வழக்கமான உப்பு. மீதிக் கிராமங்களில் முக்கால் பங்கு சாதா உப்பும் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பு. ஐந்து வருடத்தில் பக்கவாதம் 14 சதவீதமும் மொத்தச் சாவு 12 சதவீதமும் குறைந்தன. சமையலில் வேறு எதையும் மாற்றவில்லை. நம் வீடுகளிலும் உப்பு பெரும்பாலும் சமையலறையிலிருந்துதான் உடம்புக்குள் போகிறது: குழம்பு, ஊறுகாய், கருவாடு, அப்பளம், பழைய சோற்றுக்கு ஒரு சிட்டிகை. அதனால் இந்த ஆய்வு நமக்கு நெருக்கமானது என்று நினைக்கிறேன். 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் இந்த மாற்று உப்பைப் பரிந்துரைத்தது. ஆனால் உங்கள் அப்பா விஷயத்தில் அவசரப்படாதீர்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, ராமிப்ரில், டெல்மிசார்ட்டான், ஸ்பைரனோலாக்டோன் போன்ற பிரஷர் மாத்திரைகள் சாப்பிட்டாலோ ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே கெடுக்கலாம். ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), பொட்டாசியம் இரண்டும் பார்த்துவிட்டு, மருத்துவர் சரி என்றால் மாற்றுங்கள். அதுவரை இருக்கிற உப்பையே குறைப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நம் மாநிலப் பூவைப் பற்றியது. செங்காந்தள் விதையிலிருந்து கால்ச்சிசின் என்ற மருந்தை எடுக்கிறார்கள். மூலனூர், தாராபுரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் இதைப் பயிரிட்டு விதையை விற்கிறார்கள். கவுட் எனும் மூட்டுவலிக்குக் காலங்காலமாக இருக்கிற மாத்திரை. ரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்பு படிவது மட்டும் நோயில்லை, அங்கே ஓயாமல் நடக்கும் அழற்சி எனும் உள்வீக்கமும் சேர்ந்துதான் கொழுப்புத் திட்டு வெடிக்கிறது என்பது இப்போது உறுதியாகியிருக்கிறது. அந்த அழற்சியைக் குறைக்குமா என்று 0.5 மில்லிகிராம் கால்ச்சிசினைச் சோதித்தார்கள். 2019, 2020 ஆண்டுகளில் வந்த இரண்டு ஆய்வுகளில், ஏற்கனவே இதய நோய் உள்ளவர்களுக்கு மறுபடி வரும் பாதிப்புகள் 23, 31 சதவீதம் குறைந்தன. அமெரிக்காவில் 2023-ல் அனுமதியும் கிடைத்தது. அப்புறம் 2024-ல் 7,062 மாரடைப்பு நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வில் பலனே தெரியவில்லை. யார் சரி என்று நிபுணர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். என் மதிப்பில் இது விட்டுவிட வேண்டிய மருந்து இல்லை, ஆனால் இதய மருத்துவர் யோசித்து எழுத வேண்டியது. கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. கிழங்கையோ விதையையோ நாட்டு மருந்து என்று யாரும் தொடவே கூடாது, அது கொடிய விஷம்.

ஏன் இவ்வளவு அக்கறை என்றால், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களை விட ஐந்தாறு வருடம் முன்னாலேயே வருகிறது. 'இன்டர்ஹார்ட்' ஆய்வில் நமக்கு இடைநிலை வயது 53, மற்ற நாட்டவர்களுக்கு ஏறத்தாழ 59. வேலூர் நகரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் 1991-94-ல் எடுத்த கணக்கை 2010-12-ல் திரும்ப எடுத்தபோது சர்க்கரை நோய் ஏறக்குறைய மூன்று மடங்கு ஆகியிருந்தது. நல்ல செய்தி ஒன்று, ஆண்களிடம் புகைப்பழக்கம் குறைந்திருந்தது. பீடி சுற்றுகிற ஊர்கள் நிறைந்த மாவட்டத்தில் அது லேசான விஷயமில்லை.

கடைசியாக உங்கள் பெரியப்பா. அவர் 55 வயதுக்குள் இறந்திருந்தால் அதை அப்பாவின் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அண்ணன் தம்பிக்கு இடையே இது பெரிய விஷயம். லிப்போபுரோட்டீன் ஏ என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அது ரத்தத்தில் ஓடும் ஒரு வகைக் கொழுப்பு, அதிகமானால் மாரடைப்பு அபாயம் கூடும். வழக்கமான கொலஸ்ட்ரால் டெஸ்டில் இது வராது, தனியாகக் கேட்க வேண்டும். இது பரம்பரையாக வருவது, சாப்பாட்டால் மாறாது, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைக்கும் இறங்காது. உலகில் ஐந்தில் ஒருவருக்கு அதிகம். இதைக் குறைக்கும் ஊசிகள் சோதனையில் இருக்கின்றன. 2022-ல் வந்த ஓல்பசிரான் ஆய்வில் அளவு 95 சதவீதத்துக்கும் மேல் இறங்கியது. அது கடைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். அளவு அதிகம் என்று தெரிந்தால் பிரஷர், சர்க்கரை, கெட்ட கொழுப்பு எல்லாவற்றையும் மருத்துவர் இன்னும் இறுக்கிப் பிடிப்பார், அதுவே பெரிய பலன். பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் ஒருமுறை எடுத்தால் போதும். அப்பாவுக்கு எடுக்கும்போது உங்களுக்கும் சேர்த்து எடுத்துவிடுங்கள்.