27 சதவீதம் வந்தால் ஆய்வேடு போச்சா? வாசகர் கேள்வி - பதில்

பத்தமடைப் பாய்த் தொழில் பற்றி முனைவர் பட்ட ஆய்வேடு முடித்துவிட்டேன். மென்பொருள் சோதனையில் 27 சதவீதம் ஒப்புமை என்று நெறியாளர் திருப்பித் தந்துவிட்டார். நான் காப்பி-பேஸ்ட் எதுவும் செய்யவில்லையே?
- ஆய்வு மாணவர், பேட்டை

யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிகளில் 10 சதவீதம் வரை தண்டனை கிடையாது. 10-க்கு மேல் 40 வரை என்றால் 6 மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டைக் கொடுக்கவே முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. முறைப்படி சமர்ப்பிக்கும் முன்பே நெறியாளர் பிடித்தது உங்களுக்கு நல்லதுதான்.

எண்ணை மட்டும் பார்த்துக் கவலைப்படாதீர்கள். முழு அறிக்கையையும் வாங்குங்கள். துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, சட்ட வாசகம், மூலம் காட்டிய மேற்கோள் ஆகியவற்றை விதியே விலக்குகிறது. பொதுத் தகவலாகவோ தற்செயலாகவோ ஒத்துவரும் தொடர் 14 சொற்கள் வரை இருந்தாலும் விலக்கு உண்டு. சோதனை போட்டவர் இந்த வடிகட்டிகளை இயக்க மறந்திருந்தால் எண் தேவையில்லாமல் ஏறும். அடுத்து, வண்ணமடித்த பகுதிகளைப் பாருங்கள். நாற்பது இடங்களிலிருந்து அரை அரை சதவீதம் என்றால் பெரும்பாலும் வழக்கமான தொடர்கள்தான். ஒரே மூலத்திலிருந்து 8 சதவீதம் என்றால் சிக்கல் அங்கேதான்.

காப்பி அடிக்காதவர்களும் மாட்டிக்கொள்வது சொல் மாற்றத்தில். மூலத்தில் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: “கோரையை எளிதில் கிழிபடும்படி ஓடும் நீரில் ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழித்து, பருத்தி நூலைப் பாவாக வைத்து நெய்கிறார்கள்.” நீங்கள் “கோரைப் புல்லைச் சுலபமாகக் கிழியும் வகையில் ஓடும் தண்ணீரில் நனையவிட்டு, நுண்ணிய இழைகளாகப் பிளந்து, பருத்தி இழையைப் பாவாகக் கொண்டு நெய்கின்றனர்” என்று எழுதினால், அடியில் மூலத்தைக் காட்டியிருந்தாலும் அது திருட்டுதான், வாக்கியத்தின் எலும்பு இன்னொருவருடையது. “பருத்திப் பாவில் ஓடுவது மெல்லிய கோரை இழை. அந்த மெலிவு வேண்டித்தான் புல்லை முதலில் ஆற்றோட்டத்தில் ஊறப்போடுகிறார்கள்” என்று எழுதி, அங்கேயே ஆசிரியர், ஆண்டு, பக்கம் கொடுத்தால் அது உங்கள் எழுத்து.

இதற்கு வழி, மூலத்தை மூடிவைத்துவிட்டு எழுதுவது; பிறகு திறந்து தகவலைச் சரிபார்ப்பது. குறிப்பெடுக்கும்போதே, அப்படியே எடுத்த வரிக்கு மேற்கோள் குறியும் பக்க எண்ணும் போட்டுவிடுங்கள். மூன்று மாதம் கழித்து நோட்டைப் புரட்டினால் எது உங்கள் வரி, எது மற்றவர் வரி என்று உங்களுக்கே தெரியாது. ஆங்கில ஆய்வேட்டைத் தமிழாக்கிச் சேர்ப்பதும் திருட்டே. மென்பொருளுக்குத் தப்பினாலும் வாய்மொழித் தேர்வில் தப்பாது.

ஒரு கொசுறு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சான ஏட்டைச் சோதனைக்குக் கொடுத்தால், மென்பொருளுக்குத் தெரிவது பொருளில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். ‘பூஜ்யம் சதவீதம்’ என்று வந்ததும் துள்ளிக் குதிக்காதீர்கள். யூனிகோடுக்கு மாற்றி மறுபடி போடச் சொல்லுங்கள்.

பொருநை (தாமிரபரணி) கரை அகழாய்வு பற்றி எழுதுகிறேன். ஒவ்வொரு இணையதளமும் ஒவ்வொரு ஆண்டைச் சொல்கிறது. எதை நம்ப?
- முதுகலை வரலாற்று மாணவி, அம்பாசமுத்திரம்

ஆண்டை விடுங்கள், எந்த ஊர், எந்த மாதிரி, யார் சோதித்தது என்று முதலில் கேளுங்கள். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் ஈமத்தாழியில் கிடைத்த நெல்லுக்குச் சொன்னது கி.மு. 1155, 2021-ல் சட்டப்பேரவையில் அறிவித்தது. 2025 ஜனவரியில் வந்த ‘இரும்பின் தொன்மை’ அறிக்கையில் உள்ள கி.மு. 3345-ம் சிவகளைக்கே உரியது, ஆனால் வேறு மாதிரி. இவற்றை அப்படியே ஆதிச்சநல்லூர் தலையில் கட்டிவிடும் பதிவுகள் ஏராளம். மாதிரி எது என்று சொல்லாத ஆண்டை ஆய்வேட்டில் ஏற்றாதீர்கள்.

ஆதிச்சநல்லூருக்கு அங்கே அகழ்ந்த அலெக்சாண்டர் ரேயின் 1915 பட்டியல் நூல், திருநெல்வேலி மாவட்ட வரலாற்றுக்கு கால்டுவெல்லின் 1881 நூல், ஹெச்.ஆர். பேட் எழுதிய 1917 கெசட்டியர் என்று மூலத்துக்கே போங்கள். இத்தகைய பழைய நூல்களை ஆர்க்கைவ் (archive.org) தளத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் தேடிப் பாருங்கள். ஆய்வேடுகளுக்கு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் சோத்கங்கா தளம். விக்கிப்பீடியாவை வாசலாக வைத்துக்கொள்ளுங்கள்: அடிக்குறிப்பைப் பிடித்து மூலத்தைப் படித்து, அதையே சுட்டுங்கள்.

புள்ளிவிவரத்தில் இன்னொரு கண்ணி. 2011 கணக்கெடுப்பில் திருநெல்வேலி மாவட்ட மக்கள்தொகை 30,77,233. தென்காசி மாவட்டம் பிரிந்தது 2019 நவம்பரில். ஆக அந்த எண்ணில் தென்காசியும் அடக்கம். இன்றைய மாவட்டத்துக்கு அதையே எழுதினால் தப்பு; வட்டவாரி எண்ணை எடுத்துக் கூட்டுங்கள். கூட்டும் முன் வட்ட எல்லை மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

செயற்கை நுண்ணறிவு செயலி பத்து மேற்கோள் நூல்கள் தந்தது. சேர்க்கலாமா?
- இளநிலை மாணவர், பாளையங்கோட்டை

ஒவ்வொன்றாகச் சரிபார்க்காமல் ஒன்றைக்கூடச் சேர்க்காதீர்கள். நிஜ ஆசிரியர் பெயர், நிஜ இதழ் பெயர், இல்லாத கட்டுரை என்று ஒட்டுப்போட்டுத் தருவது அதன் வழக்கம். தலைப்பை மேற்கோள் குறிக்குள் இட்டு கூகுள் ஸ்காலரில் தேடுங்கள். டிஓஐ எண் (ஒவ்வொரு கட்டுரைக்கும் தரும் நிரந்தர இணைய அடையாள எண்) இருந்தால் டிஓஐ தளத்தில் போடுங்கள். திறப்பது அதே கட்டுரைதானா என்றும் பாருங்கள். எண் சரியாக இருக்கும், கட்டுரை மீன் வளர்ப்பு பற்றியதாக இருக்கும்! கிடைத்தாலும், படிக்காத நூலைப் பட்டியலில் போடாதீர்கள்.

‘யுஜிசி அங்கீகாரம் பெற்ற இதழ், பணம் கட்டினால் மூன்றே நாளில் வெளியீடு’ என்று வாட்ஸ்அப் வருகிறது. அனுப்பலாமா?
- ஆய்வு மாணவி, சங்கரன்கோவில்

வேண்டாம். அங்கீகரித்த இதழ்களுக்கென வைத்திருந்த யுஜிசி-கேர் பட்டியலையே 2025-ல் யுஜிசி கைவிட்டுவிட்டது. அதைக் காட்டி இன்று பணம் கேட்பவரை நம்ப வழியில்லை. மூன்று நாளில் எந்த மதிப்பாய்வாளரும் ஒரு கட்டுரையை ஒழுங்காகப் படித்துக் கருத்து எழுதப் போவதில்லை. இதழின் ஐஎஸ்எஸ்என் எண்ணை (இதழ்களுக்குத் தரும் சர்வதேச அடையாள எண்) ஐஎஸ்எஸ்என் தளத்தில் தேடிப் பெயர் ஒத்துவருகிறதா பாருங்கள். அந்த எண் இருப்பது மட்டும் தரச் சான்று ஆகாது. ஆசிரியர் குழுவில் உள்ள இரண்டு பேராசிரியர்களின் பல்கலைக்கழகப் பக்கத்தைத் திறந்து, இந்த இதழில் இருப்பதாக அவர்களே குறிப்பிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பழைய இதழ்களில் இரண்டு கட்டுரைகளையாவது படித்தும் பாருங்கள்; பெரும்பாலும் அதிலேயே வண்டவாளம் தெரிந்துவிடும்.