வாகனப் பாதுகாப்பு ஆய்வு: பெங்களூர் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

போக்குவரத்துத் துறையில் வாகன ஆய்வுக் குழுக்களை வழிநடத்தி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், பெங்களூர்த் தமிழ் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

மோட்டார் வாகன ஆய்வாளராகப் பணிபுரிகிறேன். தனியார் பேருந்துகளைச் சோதிக்கும் சிறப்புக் குழுவுக்கு என்னைப் பொறுப்பாளராக நியமித்துள்ளார்கள். ஐயா, எங்கிருந்து தொடங்குவது? (ஜெயநகர்)

அத்திப்பள்ளியில் வண்டிகளை நிறுத்தி அபராதம் போடுவதிலிருந்து தொடங்காதீர்கள். முதல் வாரத்தைக் கோப்புகளோடு கழியுங்கள். எந்தெந்தப் பேருந்துகள் எந்தப் பாடி கட்டும் பட்டறையில் உருவாயின, அவற்றுக்கு எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) கொடுத்தது எந்த அலுவலகம், ஒரே நாளில் ஒரே கையெழுத்தில் எத்தனை வண்டிகள் தேறின என்பதை ஒரே தாளில் வரிசைப்படுத்திப் பார்த்தால், சாலையில் எந்த வண்டியை நிறுத்த வேண்டும் என்பது தானாகவே தெரியும். ஒரே பட்டறையில் கட்டிய பல பேருந்துகளில் ஒரே குறை தென்பட்டால், அதை உரிமையாளர்களின் தனித்தனிக் குற்றங்களாகப் பதிந்து முடித்துவிடுவது பெரிய தவறு. குறை பிறந்த இடம் பட்டறை. அதைத் தடுக்காமல் விட்டது எஃப்.சி. வழங்கிய இடம். விதிக்கு மாறான வண்டியை விற்கும் உற்பத்தியாளருக்கும் இறக்குமதியாளருக்கும் விற்பனையாளருக்கும் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ, ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் மாற்றியமைத்த 182ஏ பிரிவு வழி செய்கிறது. உங்கள் குழுவின் விசாரணை அந்த உயரம் வரை போக வேண்டும்.

அதிகாரத்தின் எல்லையையும் குழுவினர் அனைவரும் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 213(5) பிரிவு, குற்றம் செய்ததாக நம்பக் காரணமுள்ளவரின் இடத்துக்குள்ளோ, குற்றத்தில் தொடர்புள்ள வண்டி வைக்கப்பட்ட இடத்துக்குள்ளோ சென்று சோதிக்க அனுமதிக்கிறது. ஆனால் வாரண்ட் இல்லாத சோதனையை கெஜட்டட் (அரசிதழ்ப் பதிவு பெற்ற) அதிகாரிதான் நடத்தலாம். வாரண்ட் பெறாததற்கான காரணத்தை எழுதிவைத்து மேலதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும். அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றமென்றால், சூரியன் மறைந்தபின் விடியும்வரை அந்தச் சோதனை கூடாது. நல்ல ஆதாரங்கள் கையிலிருந்தும் இத்தகைய நடைமுறைப் பிழையால் வழக்கு நீதிமன்றத்தில் நிற்காமல் போனால், பாதிக்கப்படுவது அடுத்த வாரம் அதே பேருந்தில் ஏறும் பயணிதான்.

வேலையைப் பிரித்துக் கொடுங்கள். ஒருவர் வண்டியைப் பார்க்கட்டும், ஒருவர் எழுதட்டும், ஒருவர் படமெடுக்கட்டும். உரிமையாளரிடம் பேசுபவர் இம்மூவரில் ஒருவராக இருக்க வேண்டாம். 'பிரேக் சரியில்லை' என்று எழுதாதீர்கள். எந்தச் சக்கரத்தில், எந்தக் கருவியில், எத்தனை அளவு காட்டியது என்று எழுதுங்கள். நீங்கள் எழுதியதை வைத்துக்கொண்டு, உங்களை அறியாத இன்னொரு ஆய்வாளர் அதே குறையைத் தேடிக் கண்டுபிடிக்க முடிய வேண்டும். கூடவே, நள்ளிரவில் ஓசூர் சாலையில் குழந்தைகளோடு வரும் குடும்பங்களை இறக்கிவிடாதீர்கள். மடிவாளாவிலோ கலாசிபாளையத்திலோ வண்டி புறப்படும் முன்பே சோதனையை முடித்துவிடுவதுதான் முறை.

வாராவாரம் கலாசிபாளையத்திலிருந்து மதுரைக்கு ஸ்லீப்பர் பேருந்தில் போகிறேன். பின்பக்க அவசர வழியை மறைத்துப் படுக்கை போட்டிருக்கிறார்கள். வண்டியோ வேறு மாநிலப் பதிவு. இதை யார் கேட்பது? (ஸ்ரீராமபுரம்)

உங்கள் அச்சம் முற்றிலும் நியாயமானது. 2013 அக்டோபர் 30 அன்று பெங்களூரிலிருந்து ஐதராபாத் சென்ற பேருந்து பாலெம் அருகே சிறுபாலத்தில் மோதி, டீசல் தொட்டி உடைந்து தீப்பற்றியதில் 45 பேர் இறந்தார்கள். 2025 அக்டோபர் 24 அன்று ஐதராபாத்திலிருந்து பெங்களூர் வந்துகொண்டிருந்த ஸ்லீப்பர் பேருந்து, கர்னூல் அருகே சாலையில் கிடந்த மோட்டார் சைக்கிளை இழுத்துச் சென்று எரிந்ததில் 19 பயணிகள் மாண்டார்கள். விபத்து எப்படித் தொடங்கினாலும், தீ பிடித்த பிறகு உயிரைத் தீர்மானிப்பது சில நிமிடங்களில் எத்தனை பேர் வெளியேற முடிகிறது என்பதே. ஆகவே அவசர வழியை மறைப்பதை நான் சிறு குறையாக ஒருபோதும் ஏற்பதில்லை.

பேருந்துப் பாடிக்கு ஏஐஎஸ் (இந்திய வாகனத் தொழில் தரநிலை) 052, ஸ்லீப்பர் பேருந்துக்கு ஏஐஎஸ் 119 என்று தரநிலைகள் உள்ளன. ஆய்வின்போது 'அவசர வழி உண்டு' என்று கட்டத்தில் டிக் அடிப்பது ஆய்வாகாது. நான் குழுவினரை ஒவ்வொரு அவசர வழியையும் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் கையாலேயே திறக்கச் சொல்வேன். கைப்பிடி இருக்கும், தாழ்ப்பாள் துருவேறி அசையாது. கண்ணாடி உடைக்கும் சுத்தியல் இருக்கும். யாரும் எடுத்துப்போய்விடக் கூடாதென்று கம்பியால் முறுக்கிக் கட்டியிருப்பார்கள். கதவின் உட்பக்கம் புது ரெக்சின் தைத்து மெத்தையோடு சேர்த்து ஆணியடித்திருப்பதும் உண்டு. பதிவின்போது சமர்ப்பித்த வரைபடத்தில் உள்ள படுக்கைகளின் எண்ணிக்கையை, வண்டிக்குள் நடந்து எண்ணிய எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், எஃப்.சி. வாங்கிய பிறகு நுழைந்த படுக்கை எது என்பது தெரிந்துவிடும்.

வேறு மாநிலப் பதிவு என்பது தடையல்ல. பொதுமக்களுக்கு ஆபத்தான நிலையில் உள்ள வண்டி ஒரு பதிவு அதிகாரியின் எல்லைக்குள் இருந்தாலே, உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுத்து அவர் தரப்பைக் கேட்டபின், குறை தீரும்வரை பதிவை நிறுத்திவைக்க 53-ஆம் பிரிவு இடமளிக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவே: பதிவெண் தெரியும்படி ஒரு படம், மறைக்கப்பட்ட வழி தெரியும்படி ஒரு படம், புறப்படும் இடமும் நேரமும், பயணச்சீட்டின் நகல். இவற்றைச் சாந்திநகரில் உள்ள போக்குவரத்து ஆணையர் அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். புறப்படும் நேரத்தைக் குறித்த புகார்தான் குழுவுக்கு மிகவும் பயன்படும். வண்டி எங்கே நிற்கும் என்பது அதிலிருந்துதான் தெரியும்.

என் மின்சார ஸ்கூட்டரின் பேட்டரியிலிருந்து புகை வந்தது. சார்ஜ் போட்ட விதம் தவறு என்று விற்பனையாளர் கையை விரித்துவிட்டார். இதை அரசு விசாரிக்குமா? (எலெக்ட்ரானிக் சிட்டி)

விசாரிக்க வழி இருக்கிறது. சட்டத்தின் 110ஏ பிரிவின்படி, குறிப்பிட்ட விகிதத்தில் உரிமையாளர்களோ சோதனை நிறுவனமோ வேறு வழியிலோ குறை தெரிய வந்தால், அவ்வகை வண்டிகளைத் திரும்பப் பெறுமாறு மத்திய அரசு உற்பத்தியாளருக்கு உத்தரவிடலாம். இதற்கென நியமிக்கப்படும் விசாரணை அதிகாரிக்கு, சாட்சிகளை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் சிவில் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. உற்பத்தியாளர் கடமை தவறினால் அபராதம் நூறு கோடி ரூபாய் வரை போகலாம். இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. ஏழாண்டுகளுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு அவை பொருந்தும். அரசின் 'வாகன்' இணையதளத்தில் புகாரைப் பதியலாம். உங்களைப் போல் புகை கண்ட மற்றவர்களையும் தனித்தனியே பதியச் சொல்லுங்கள்.

அதைவிட முக்கியமாக, பேட்டரியை ஒப்புகைச் சீட்டு இல்லாமல் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். அதன் வரிசை எண்ணையும் சார்ஜரின் எண்ணையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, எளிதில் தீப்பற்றும் பொருள்கள் இல்லாத இடத்தில் வையுங்கள். 2022-இல் மின்சார ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்த பிறகு ஏஐஎஸ் 156 தரநிலை கடுமையாக்கப்பட்டு, அவ்வாண்டு டிசம்பரிலிருந்து இரண்டு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தது. அதனால் உங்கள் வண்டி தயாரான மாதம் விசாரணையில் முதலில் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்றாக இருக்கும்.

உணவு டெலிவரிக்குப் பதிவெண் இல்லாத மின்சார வண்டி வாங்கினேன். லைசென்ஸும் வேண்டாம் என்றார்கள். அதிகாரிகள் நிறுத்தினால் சிக்கலா? (கே.ஆர்.புரம்)

மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள்ளும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும், பேட்டரி நீங்கலான எடை 60 கிலோவுக்குள்ளும் இருந்து, அதற்கான சோதனை நிறுவனச் சான்றும் இருந்தால்தான் அந்த விலக்கு. வேகத்தைக் கூட்டும்படி கன்ட்ரோலரை மாற்றி விற்றிருந்தால் அது பதிவு செய்ய வேண்டிய வண்டியாகிவிடும். உழைத்துச் சம்பாதிப்பவரைத் தெருவில் நிறுத்தி வண்டியைப் பறிப்பதற்கு முன், அதை மாற்றி விற்ற கடையைக் குழு போய்ப் பார்க்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. விற்றவரின் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

சிவாஜிநகரில் மெக்கானிக் கடை வைத்திருக்கிறேன். கார் முன்னால் இரும்புக் கம்பி பொருத்தித் தரச் சொல்கிறார்கள். தவறா? (சிவாஜிநகர்)

பொருத்தாதீர்கள். அத்தகைய தடுப்புக் கம்பிகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு அறிவுறுத்திவிட்டது. நடந்து போகிறவர் மீது கார் மோதினால் காயம் மிகக் கடுமையாகும். மோதலின் விசை வண்டியின் சேசிஸுக்கு நேராகக் கடத்தப்படுவதால் ஏர்பேக் விரிய வேண்டிய தருணமும் தவறக்கூடும். அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு என்று வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள்.

ஊரில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று சொல்லும் வேலைக்கு இங்கே எப்படிச் சேர்வது? மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்திருக்கிறேன். (அல்சூர்)

கர்நாடகத்தில் கே.பி.எஸ்.சி. (மாநில அரசுப் பணியாளர் தேர்வாணையம்) வழியாகத் தேர்வு நடக்கிறது. ஆட்டோமொபைல் அல்லது மெக்கானிக்கல் டிப்ளமோவோடு ஓட்டுநர் உரிமமும் கேட்பார்கள். கனரக வாகன உரிமத்துக்கு இப்போதே முயற்சி செய்யுங்கள், அதற்குக் காலம் பிடிக்கும். காத்திருக்கும் நாட்களில் லாரிகளுக்குப் பிரேக் வேலை பார்க்கும் பட்டறையில் கைவேலை பழகுங்கள். கன்னடம் எழுதப் படிக்கத் தெரிவது தேர்வுக்கு மட்டும் தேவை என்று எண்ணாதீர்கள்; சம்பவ இடத்தில் மகஜர் (கண்டதைச் சாட்சிகள் முன் பதியும் குறிப்பு) எழுதுவது கன்னடத்தில்தான், சாட்சியாகக் கையெழுத்திடும் கிளீனருக்கும் டிரைவருக்கும் அதை நீங்கள்தான் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும்.