முன்கதவு இருக்கட்டும், கொல்லைக் கதவை மாற்றுங்கள்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 66. பாபநாசம் பக்கம் கிராமம். வீடு 1968-ல் மாமனார் கட்டியது, மேற்குப் பார்த்த வாசல். முன்கதவு தேக்கு, அடியில் ஒரு சாண் உயரத்துக்கு உளுத்துப் போயிருக்கிறது. கொல்லைக் கதவு வேம்பு; நிலையோடு கரையான் ஏறிவிட்டது. இரண்டையும் நிலையோடு புதுத் தேக்கில் செய்ய ஆசாரி 1,85,000 ரூபாய் கேட்கிறார், மரமே 18 கன அடி வேண்டுமாம். நிலை 7-க்கு 3½ அடி, 5-க்கு 4 அங்குலக் கட்டை. கதவு ஒன்றரை அங்குலக் கனம். முன்கதவின் அடியை மட்டும் வெட்டி ஒட்டினால் 18,000 ஆகும் என்கிறார். கும்பகோணத்தில் ஒரு கடையில், கொல்லைக்கு டபிள்யூ.பி.சி. கதவு, நிலை, பொருத்துகிற கூலி எல்லாம் சேர்த்து 24,000 என்றார்கள். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 5 லட்சம் போட்டு இரண்டரை வருடம் ஆகிறது, வட்டி 8.2 சதவீதம். அதை முடித்து எடுக்கலாமா? மகன் தனிநபர் கடன் வாங்கித் தருகிறேன் என்கிறான். வங்கியில் அவசரத்துக்கு என்று 90,000 வைத்திருக்கிறோம். வீட்டுச் செலவுக்கு ஓய்வூதியம் போதும்.

பதில்: அம்மா, அந்த 5 லட்சத்தைத் தொடாதீர்கள். மகனையும் கடன் வாங்க விடாதீர்கள். இந்த வேலைக்கு இரண்டுமே தேவைப்படாது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். மூத்த குடிமக்கள் திட்டத்தில் வேண்டிய அளவு மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டு வைக்க முடியாது. கணக்கையே முடிக்க வேண்டும். இரண்டு வருடம் தாண்டியதால் போட்ட தொகையில் 1 சதவீதம், அதாவது 5,000 ரூபாய் பிடிப்பார்கள். கதவுக்குப் போகும் 1,85,000-க்கு மீதி இரண்டரை வருடத்தில் கிடைத்திருக்க வேண்டிய வட்டி ஏறத்தாழ 38,000. ஆக, கதவின் உண்மையான விலை 2,28,000. சரி, மகன் கடன் வாங்கினால்? 14 சதவீத வட்டியில் மூன்று வருடக் கடன் என்று வையுங்கள். மாதம் சுமார் 6,320 கட்டி, மொத்தம் 2,27,600 கட்டியிருப்பார். எந்தப் பக்கம் போனாலும் ஆசாரி சொன்ன விலைக்கு மேல் நாற்பதாயிரத்துக்கும் அதிகமாகப் போகிறது.

அப்புறம் அந்த 18 கன அடி. இதை நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஒரு நிலைக்கு மேலும் கீழும் குறுக்குக் கட்டை, இரண்டு பக்கமும் நெடுங்கட்டை, மொத்தம் 21 அடி நீளம். 21-ஐ 5-ஆலும் 4-ஆலும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் 2.9 கன அடி. கதவு ஆறரைக்கு மூன்றடி என்றால், ஒன்றரை அங்குலக் கனத்துக்கு 2.4 கன அடி. இரண்டு வாசலுக்கும் சேர்த்து 11-க்குள் அடங்குகிறது. அறுப்பிலும் இழைப்பிலும் சேதாரம் ஐந்தில் ஒரு பங்கு என்று தாராளமாக வைத்தாலும் 13 தான் வருகிறது. மீதி 5 கன அடி எதற்கு என்று கேளுங்கள். ஆசாரியைச் சந்தேகப்படச் சொல்லவில்லை. வேலைப்பாடு, இரட்டைச் சட்டம் என்று ஏதாவது மனதில் வைத்திருக்கலாம். ஆனால் தேக்கு வாங்குகிறவர் கன அடிக் கணக்குத் தெரியாமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

இனி கதவுகளுக்கு வருவோம். உங்கள் முன்கதவு ஏன் அடியில் மட்டும் உளுத்தது? திண்ணைக்கு மேல் கூரை இருக்கும், மழை அதிகம் எட்டாது. தினம் காலையில் வாசல் தெளிக்கிறோம், வெள்ளிக்கிழமை வாளி வாளியாக ஊற்றிக் கழுவுகிறோம். அந்தத் தண்ணீர்தான் அடியில் தெறிக்கிறது. கதவைக் கழற்றிப் பாருங்கள். முன்னும் பின்னும் வார்னிஷ் பளபளவென்று இருக்கும், அடி விளிம்பு மட்டும் பச்சை மரமாக நிற்கும். பெயிண்டர் கதவைக் கழற்றாமல் அடித்தால் அந்த இடத்துக்குத் தூரிகை போகாது. மரம் தண்ணீர் குடிப்பதே அந்த வெட்டு வாய் வழியாகத்தான்.

ஒரு திருப்புளியை எடுத்து அடியிலிருந்து மேலே நாலு விரலுக்கு ஒரு தரம் குத்திக்கொண்டே வாருங்கள். முனை பொதபொதவென்று இறங்கும் இடம் வரைக்கும் கெட்டது. அதற்கு மேல் 'டக்' என்று நின்றால் அது வைரம் பாய்ந்த மரம். அன்றைக்கு வந்த முதிர்ந்த தேக்கு இன்று சுலபத்தில் கிடைப்பதில்லை. இப்போது தேக்கு என்று வருவதில் இளமரம் நிறைய. பலகையின் ஓரத்தில் வெள்ளை, அதாவது வைரம் பாயாத வெளிமரம், ஓடும். கரையானுக்கு எதிராக நிற்பது தேக்கின் வைரம்தான், வெள்ளையைக் கரையான் விடாது. நல்ல பழைய கதவைக் கழற்றிப் போட்டுவிட்டு இப்படி ஒன்றை ஒரு லட்சத்துக்குக் கிட்டக் கொடுத்து மாட்டுவதற்கு என் மனம் ஒப்பவில்லை. 18,000-க்கு ஒட்டு வேலையைச் செய்யுங்கள். ஒட்டுக்கு, பிரித்த வீட்டு மரம் விற்கிற கடையில் பழைய தேக்கே வாங்கித் தரச் சொல்லுங்கள். அடி விளிம்புக்கு மூன்று கை வார்னிஷ், வெளிப்பக்கம் தண்ணீர் வழிந்து ஓட ஒரு சாய்வுக் கட்டை. அடியில் பித்தளைத் தகடு அடிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். தகட்டுக்குப் பின்னால் புகுந்த தண்ணீர் காயாமல் உள்ளேயே இருந்து மரத்தைத் தின்னும்.

கொல்லைக் கதவு வேறு கதை. மேற்குப் பார்த்த வீடு என்றால் கொல்லை கிழக்கே. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை நேராக அந்தக் கதவில்தான் அறைகிறது. போதாததற்குக் கிணற்றடி, தேய்க்கிற பாத்திரம், வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் ஈரம் காயாத களிமண். வேம்பு கசக்கும், கரையான் வராது என்பார்கள். ஈரமண்ணைத் தொட்டு நிற்கிற நிலையில் அந்தக் கசப்பு எத்தனை நாளைக்கு நிற்கும்? இந்த இடத்துக்கு மரமே வேண்டாம். ப்ளைவுட் அடுக்கு ஒட்டிய சாதாரண ஃப்ளஷ் கதவும் வேண்டாம், அது உள்ளறைக்கு உரியது. சாரல் பட்டால் அடுக்கு பிரியும். எஃப்.ஆர்.பி. என்கிற கண்ணாடியிழை பிளாஸ்டிக் கதவு குளியலறைக்குச் சரி, கொல்லைப்புறப் பாதுகாப்புக்குப் போதாது. இரும்புக் கதவு உறுதிதான், ஆனால் தண்ணீர் தேங்கும் அடி மடிப்பில் துரு பிடிக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக் காற்றில் இன்னும் சீக்கிரம்.

கும்பகோணம் கடையில் சொன்ன டபிள்யூ.பி.சி.தான் இதற்குச் சரி. அது மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்து வார்த்தது. நல்ல தரமானது அவ்வளவாக ஊறாது, கரையான் தின்னாது. வெயிலில் கொஞ்சம் விரியும், அதனால் நிலைக்கும் கதவுக்கும் நடுவே இடைவெளி விட்டுப் பொருத்த வேண்டும். வெளிர் நிறமாக இருந்தால் சூடு குறையும். கடையில் வெட்டுத் துண்டு காட்டச் சொல்லுங்கள். உள்ளே பொந்து பொந்தாக இருந்தால் வேண்டாம், கெட்டியாக இருக்க வேண்டும். துண்டை எடைபோட்டு ஒரு ராத்திரி வாளித் தண்ணீரில் போட்டு, மறுபடி எடைபோடுங்கள்; எடை நன்றாக ஏறியிருந்தால் அதை வாங்காதீர்கள். இந்தக் கதவு கனம். மூன்று கீல் போடுவார்கள், நான்கு கேளுங்கள். 304 தரத்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், நீளமான திருகு. நிலையை வைக்கும் முன்பே கரையான் மருந்து அடித்துவிட வேண்டும்.

பணத்துக்கு இப்படிச் செய்யுங்கள். கொல்லைக் கதவுக்கு 24,000, கீல், தாழ்ப்பாள், மருந்து என்று இன்னும் 4,000. இதை 90,000-லிருந்து இப்போதே எடுத்து, ஐப்பசிக்கு முன் முடித்துவிடுங்கள். 5 லட்சத்துக்குக் காலாண்டு வட்டி 10,250 உங்களுக்கு வருகிறது. ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி முதல் தேதிகளில். மூன்று தவணையில் எடுத்தது திரும்பிவிடும். அதன் பிறகு, வரும் பங்குனி, சித்திரையில் முன்கதவு. திண்ணைக்குள் இருப்பதால் அதுவரை தாங்கும்; வாசல் கழுவும்போது மட்டும் கதவைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

முன்கதவை மழைக்காலத்தில் இழைக்க விடாதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் ஒரு ஐப்பசியில் கதவு பிடிக்கிறது என்று ஓரத்தை இழைத்துவிட்டார்கள். சித்திரையில் மரம் காய்ந்து சுருங்கியபோது விரல் நுழையும் அளவு இடுக்கு. மழையில் பிடித்தால் ஓரத்தில் மெழுகு தேய்த்து ஓட்டுங்கள், தை பிறந்ததும் தானே சரியாகும்.

கழற்றிய வேப்பங்கதவைக் கொல்லைச் சுவரில் சாய்த்து வைக்க வேண்டாம். அதில் கரையான் இருக்கிறது. அன்றைக்கே வெட்டி அடுப்புக்குப் போட்டுவிடுங்கள்.