சைக்கிள் கேள்வி – பதில்: பிரான்சின் ஊர்ச் சாலைகள்

போன இதழில் பிரான்சைப் பற்றி இரண்டு வரிதான் எழுதினேன். அதற்கே இத்தனை கடிதம்! பனியன் ஆர்டர் பேச அந்த நாட்டுக்குப் போகும்போதெல்லாம் கூடவே கொஞ்சம் விடுப்பும் போட்டு, அங்குள்ள காட்டுச் சாலைகளிலும் கிராமங்களிலும் ஓட்டிவிட்டு வருகிறவள் நான். அப்படித் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

வணக்கமுங்க. என் மகள் லியோன் நகரில் படிக்கிறாள். ஜூனில் ஒரு வாரம் போகிறேன். "அத்தனை தூரம் போய்ட்டு மான் வெந்தூ மலை ஏறாம வர்றதா?" என்று கூட ஓட்டுகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். வயது 52. ஏறலாமுங்களா?
– பல் மருத்துவர், பெருந்துறை

ஏறலாமுங்க டாக்டர். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவும் ஏறிய கால் என்றால் அதுவும் ஏறும். பெதுவான் என்ற ஊரிலிருந்து சுமார் 21 கி.மீ. ஏற்றம், உச்சி ஏறக்குறைய 1,910 மீட்டர். நடுவில் வரும் காட்டுப் பகுதிதான் படு செங்குத்து. ஷாலே ரெனார் என்ற இடத்தைத் தாண்டிய பிறகு மரமே கிடையாது, வெள்ளைக் கல்லும் காற்றும்தான். மிஸ்த்ரால் என்ற வடகாற்று பிடித்துக்கொண்டால் சைக்கிளை நேராக நிறுத்துவதே பாடு. லியோனிலிருந்து அங்கே போகவும் வரவும், காற்று அடங்கக் காத்திருக்கவும் உங்கள் வாரத்தில் பாதி போய்விடும்.

நானாக இருந்தால் சேன்ட் எத்தியெனுக்குப் போவேன். லியோனிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம் ஆகும். அந்த வட்டார ரயிலில் சைக்கிளைக் கழற்றாமல் அப்படியே உருட்டி ஏற்றலாம். ஊரை விட்டு வெளியே வந்ததும் பிலா மலைக்காடு தொடங்கிவிடும். இரண்டு பக்கமும் கறுத்த ஃபிர் மரம், வெயில் ஏற ஏறப் பிசின் வாசனை. 1,161 மீட்டரில் 'ரிபப்ளிக் கணவாய்' வரும். 1903-ல் நடந்த முதல் டூர் டி பிரான்ஸ் பந்தயமே இந்தக் கணவாய் வழியாகத்தான் போனது.

கணவாயின் உச்சியில் 'போல் த விவி' என்பவருக்கு நினைவுச் சின்னம் ஒன்று இருக்கிறது. அவசியம் நின்று பாருங்கள். 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதியவர். சேன்ட் எத்தியெனில் பட்டு வியாபாரம் செய்துகொண்டே 1887-ல் சைக்கிளுக்காகப் பத்திரிகை தொடங்கினார். ஜவுளித் தொழிலில் இருப்பதாலோ என்னவோ, எனக்கு அவர் மேல் தனிப் பிரியம். கியர் மாற்றும் வசதி வேண்டும் என்று அவர் கரடியாகக் கத்திக்கொண்டிருந்த காலத்தில், பந்தயக்காரர்கள் அதைக் கேவலமாகப் பார்த்தார்கள். டூர் பந்தயத்தில் டீரெயிலரை, அதாவது சங்கிலியை நகர்த்திக் கியர் மாற்றும் கருவியை, அனுமதித்ததே 1937-ல்தான். அதற்குள் 1930-லேயே அவர் இறந்துபோயிருந்தார். அவர் வகுத்த விதிகளில் மூன்றை நான் இன்றும் கடைப்பிடிக்கிறேன். பசிப்பதற்கு முன்பே சாப்பிட வேண்டும், தாகம் எடுப்பதற்கு முன்பே குடிக்க வேண்டும், பகட்டுக்காக மிதிக்கவே கூடாது. வெந்தூ ஏறச் சொல்லும் நண்பர்களிடம் அந்த மூன்றாவதைச் சொல்லிவிடுங்கள் டாக்டர்.

கணவாயைத் தாண்டினால் பூர் அர்ஜான்டால் வரைக்கும் அருமையான இறக்கம்.

அக்கா, அங்கே ரோட்டோரம் டீக்கடையே இருக்காதாமே? தண்ணிக்கும் சாப்பாட்டுக்கும் என்ன செய்வீங்க?
– ஐ.டி. ஊழியர், உடுமலை

முக்கியமான கேள்வி தம்பி. சைக்கிள் எந்த மாடல், சக்கரம் என்ன எடை என்று கேட்கிற அளவுக்கு இதை யாரும் கேட்பதில்லை.

நம் ஊரில் பத்து நிமிடம் மிதித்தால் ஒரு பேக்கரி, ஒரு இளநீர் வண்டி. அங்கே கிராமம் அழகாக இருக்கும், ஜன்னலெல்லாம் பூந்தொட்டி தொங்கும், ஆனால் ஒரு கடை திறந்திருக்காது. மதியம் பன்னிரண்டரை வாக்கில் கதவைச் சாத்தினால் இரண்டு மணிக்கு மேல்தான் திறப்பார்கள். ஞாயிறு மதியத்துக்குப் பிறகு ஊரே உறங்கும். பல ரொட்டிக் கடைகளுக்குத் திங்கள்கிழமை விடுமுறை. அதனால் விடிந்ததும் முதல் வேலை ரொட்டிக் கடைதான். உள்ளே நுழையும்போதே 'பொன்ஜூர்' சொல்லிவிட வேண்டும். வணக்கம் சொல்லாமல் பொருள் கேட்பது அங்கே பெரிய மரியாதைக் குறைவு. பாகெத் ரொட்டி கேட்டால் நடுவில் மட்டும் ஒரு மெல்லிய காகிதத்தைச் சுற்றிக் கொடுப்பார்கள். கையில் சூடு தெரியும். அதை இரண்டாக ஒடித்து ஜெர்சியின் முதுகுப் பையில் செருகிக்கொள்வேன். மதியத்துக்குள் பை முழுக்க மொறுமொறுத் துகளாகிவிடும். பரவாயில்லை, பதினொரு மணிக்கு ஏதோ ஒரு மரத்தடியில் அதோடு வெண்ணெய்க்கட்டி சேர்த்துத் தின்கிற சுகம் எந்த எனர்ஜி ஜெல்லிலும் இல்லை.

சரி, தண்ணீர்? கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள்! நிஜமாகத்தான் சொல்கிறேன். கல்லறைப் பூச்செடிகளுக்கு ஊற்றுவதற்காக அநேகமாக எல்லாக் கிராமத்துக் கல்லறைத் தோட்டத்திலும் ஒரு குழாய் இருக்கும், பக்கத்திலேயே பூவாளிகள் வரிசையாகத் தொங்கும். பிரெஞ்சு சைக்கிள்காரர்கள் எல்லாரும் அங்கேதான் பாட்டிலை நிரப்புகிறார்கள். என் அம்மாவிடம் சொன்னபோது "ஏம்பொண்ணு, சுடுகாட்டுத் தண்ணியவா குடிச்ச?" என்று பதறினார். ஊர்க் குழாயில் வருகிற அதே தண்ணீர்தான். 'ஓ நோன் பொத்தாப்ல்' என்று பலகை இருந்தால் மட்டும் குடிக்காதீர்கள், அது குடிநீர் அல்ல. வெளியே வரும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வாருங்கள். அங்கே யாராவது தம் வீட்டு ஆளை நினைத்து நின்றுகொண்டிருப்பார்கள்.

வலது பக்கம் ஓட்டுவது கஷ்டமா?
– ஆசிரியை, தாராபுரம்

வலது பக்கம் ஓட்டுவது அரை நாளில் பழகிவிடும் டீச்சர். அதைவிடக் கவனம் வேண்டியது 'வலப்புறத்துக்கே முன்னுரிமை' என்ற விதி. கிராமத்துக்குள் நீங்கள் பெரிய சாலையில் நேராகப் போய்க்கொண்டிருப்பீர்கள், வலது பக்கம் இரண்டு வீட்டுக்கு நடுவே உள்ள சந்திலிருந்து ஒரு பழைய கார் நிற்காமல் வெளியே வரும். தப்பு அவர் மேல் இல்லை. வேறு பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்புறத்திலிருந்து வருகிறவருக்குத்தான் முதல் உரிமை. மஞ்சள் வைரவடிவப் பலகை கண்டால் முன்னுரிமை உங்களுக்கு. அதே பலகையில் கறுப்புக் கோடு குறுக்கே போட்டிருந்தால் அந்த உரிமை அத்தோடு முடிந்தது.

மற்றபடி அங்கே பயமில்லை. ஊருக்கு வெளியே சைக்கிளை முந்தும் வண்டி ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம், பெரும்பாலோர் விடுகிறார்கள். முந்த முடியாத வளைவில் ஹாரனே அடிக்காமல் பின்னால் பொறுமையாக வருகிற லாரியை முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவினாசி ரோட்டில் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது புரியும்.

தனியாகக் காட்டு வழியில் போக வீட்டில் பயப்படுகிறார்கள். மிருகம் வருமா அக்கா?
– கல்லூரி மாணவி, சத்தியமங்கலம்

பண்ணாரி தாண்டினால் யானை நிற்கிற ஊர்க்காரர்கள் பயப்படத்தான் செய்வார்கள் கண்ணு. அங்கே மானும் காட்டுப்பன்றியும்தான் அதிகம், அவையும் ஆளைக் கண்டால் ஓடிவிடும். ட்ரோன்ஸே காட்டுக்குப் போய்ப் பார். 14-ஆம் லூயி மன்னனின் அமைச்சர் கோல்பேர், கப்பற்படைக்கு மரம் வேண்டும் என்று காப்பாற்றி வளர்க்கச் சொன்ன ஓக் காடு அது. கிளையே இல்லாமல் நெடுநெடுவென்று போகிற அடிமரங்களுக்கு நடுவே சாலை ஓடும், சக்கரச் சத்தம் தவிர வேறு எதுவும் கேட்காது.

பயப்பட வேண்டியது துப்பாக்கிக்கு. செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரை வேட்டைக் காலம், ஞாயிற்றுக்கிழமை இன்னும் அதிகம். 'ஷாஸ் ஆன் கூர்' என்ற பலகை இருந்தால் வேட்டை நடக்கிறது என்று அர்த்தம், வேறு வழியில் போய்விடு. பளிச்சென்ற நிறத்தில் சட்டை போட்டுக்கொள். இருட்டிய பிறகு ஊருக்கு வெளியே ஓட்டினால் ஒளிரும் மேற்சட்டை சட்டப்படியே கட்டாயம்.

2027 பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் போக ஆசை. கொங்கு நாட்டில் பயிற்சி எடுத்தால் போதுமா?
– விசைத்தறி உரிமையாளர், பல்லடம்

தாராளமாகப் போதுமுங்க. பாரிஸிலிருந்து பிரெஸ்ட் நகரம் வரை போய்த் திரும்பும் இந்த நெடுந்தூர சைக்கிள் ஓட்டம் 1891-ல் தொடங்கியது, இப்போது நான்கு ஆண்டுக்கு ஒரு முறை நடக்கிறது. 1,200 கி.மீ., அதிகபட்சம் 90 மணி நேரம். அதே ஆண்டில் 200, 300, 400, 600 கி.மீ. தகுதி ஓட்டங்களை முடித்திருக்க வேண்டும். பெரிய மலை எதுவும் கிடையாது, ஆனால் சமதளமும் கிடையாது. ஏறு, இறங்கு, மறுபடி ஏறு என்றே மொத்தம் 12,000 மீட்டர் அளவுக்கு ஏறிவிடுவீர்கள்.

பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் ஆடிக்காற்றில் பல்லடத்திலிருந்து மேற்கே பார்த்து ஓட்டுங்கள், அதைவிடப் பயிற்சி இல்லை. நமக்குப் பழக்கமில்லாதது குளிர்தான். ஆகஸ்ட் மாதம் என்றாலும் பிரான்சின் மேற்கு முனையிலுள்ள பிரித்தானி பகுதியில் விடியற்காலை உடம்பு நடுங்கும். கம்பளிக் கையுறை எடுத்துப் போங்கள்.

அந்த வழியில் போனால் ஒன்று கவனிப்பீர்கள். பெர்ஷ், பிரித்தானி பக்கம் வயல்களைச் சுற்றி உயிர்வேலி இருக்கும், அதற்குள் மாடு மேயும். நம் காங்கேயத்துக் கொறங்காட்டுக் கிளுவை வேலியேதான், இங்கே முள், அங்கே பச்சைப் புதர். ஓட்டம் நடக்கும் நாட்களில் அந்தப் பண்ணை வீட்டுக்காரர்கள் வாசலில் மேசை போட்டு, ராத்திரி இரண்டு மணிக்கும் காப்பியும் தண்ணீரும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். காசு வாங்க மாட்டார்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு தபால் அட்டை போட்டால் போதும் என்பார்கள். மறக்காமல் போடுங்கள்.

டயர் 25-ஆ, 28-ஆ?
– கோபியிலிருந்து ஒரு வாசகர்

28 மி.மீ. அகலம். சைக்கிள் ஃபிரேமில் இடமிருந்தால் 32. அங்கே கிராமத்துச் சாலைகளில் தாரின் மேல் பொடி ஜல்லி தூவி உருட்டியிருப்பார்கள், மெல்லிய டயர் என்றால் மணிக்கட்டு மரத்துவிடும். கோடையில் புதிதாகத் தூவியிருந்தால் 'கிராவியோன்' என்று பலகை வைப்பார்கள். அதைக் கண்டால் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் பிரேக்கைத் தொடாதீர்கள்.