மாடர்ன் பிசிக்ஸ் பரீட்சை: கணக்கு ஏன் தப்புகிறது?

கேள்வி: சார், உசிலம்பட்டியிலிருந்து தினமும் மதுரைக்கு வந்து பி.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். இன்னும் பத்து நாளில் நவீன இயற்பியல் செமஸ்டர் தேர்வு. டெரிவேஷன் எல்லாம் மனப்பாடம். கணக்கு வந்தால் மட்டும் விடை எங்கேயோ போய்விடுகிறது. என்ன செய்ய?

பதில்: தம்பி, பத்து நாள் தாராளம். டெரிவேஷனைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்ப்பதை மட்டும் கொஞ்சம் நிறுத்துங்கள். இந்தத் தாளில் கணக்கு தப்புவதற்குப் பெரும்பாலும் கணிதம் காரணமில்லை. கேட்டிருப்பது ஃபோட்டானா (ஒளித்துகள்) எலக்ட்ரானா என்று பார்க்காமலே சூத்திரத்தைப் போடுகிறார்கள்.

அலைநீளம் 0.1 நானோமீட்டர், ஆற்றல் எவ்வளவு? ஃபோட்டான் என்றால் 1240-ஐ அலைநீளத்தால் வகுத்தால் போதும்: 12,400 எலக்ட்ரான் வோல்ட். எலக்ட்ரானுக்கு அது செல்லாது. அதற்கு நிறை இருக்கிறது; அலைநீளத்திலிருந்து உந்தம், உந்தத்திலிருந்து இயக்க ஆற்றல் என்று போக வேண்டும். விடை ஏறத்தாழ 150 எலக்ட்ரான் வோல்ட்தான். குறுக்கு வழியும் உண்டு: முடுக்கிய வோல்ட்டின் வர்க்கமூலத்தால் 1.227-ஐ வகுத்தால் எலக்ட்ரானின் அலைநீளம் நானோமீட்டரில் வந்துவிடும். 54 வோல்ட் போட்டுப் பாருங்கள், 0.167. டேவிசனும் ஜெர்மரும் 1927-ல் நிக்கல் படிகத்தில் அளந்தது 0.165. அந்தச் சோதனையை எழுதும்போது இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள். படம் மட்டும் அழகாக வரைந்து இதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

அந்த 1240, பிளாங்க் மாறிலியை ஒளியின் வேகத்தால் பெருக்கி எலக்ட்ரான் வோல்ட், நானோமீட்டர் அலகுகளில் எழுதியது. ஒளிமின் விளைவுக் கணக்கு இதில் இரண்டே வரி. சோடியத்தின் வெளியேற்று ஆற்றல் (அதிலிருந்து ஓர் எலக்ட்ரானை வெளியே எடுக்கத் தேவையானது) 2.3 எலக்ட்ரான் வோல்ட், விழும் ஒளி 400 நானோமீட்டர் என்றால் ஃபோட்டானின் ஆற்றல் 3.1, மிச்சம் 0.8. வெளிவரும் எலக்ட்ரானைத் தடுக்கும் நிறுத்து மின்னழுத்தமும் 0.8 வோல்ட். ஒளிச்செறிவை இரட்டிப்பாக்கினால்? மின்னோட்டம் இரட்டிப்பாகும், இந்த 0.8 அசையாது. கேள்வித்தாளில் மாறிலிகளை ஜூல் அலகில் கொடுத்திருந்தால் ஜூலிலேயே படிப்படியாகச் செய்துவிட்டு, 1240-ஐ விடை சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபோட்டான் எலக்ட்ரானில் மோதிச் சிதறும்போது அதன் அலைநீளம் கூடுவதுதான் காம்ப்டன் விளைவு. அதில் அடிக்கடி வரும் ஒரு சின்னக் கேள்வி: கண்ணுறு ஒளியில் இந்த விளைவு ஏன் தெரிவதில்லை? எலக்ட்ரான் மீது மோதும்போது வரும் அதிகபட்ச அலைநீள மாற்றமே 0.00486 நானோமீட்டர். 0.071 நானோமீட்டர் எக்ஸ் கதிரில் அது கிட்டத்தட்ட 7 சதவீதம். 500 நானோமீட்டர் பச்சை ஒளியில் லட்சத்தில் ஒரு பங்கு. இந்த எண்களோடு பதில் எழுதினால் திருத்துகிறவர் பேனா நிற்காது.

ஹைட்ரஜன் அணுவின் போர் (Bohr) மாதிரிக்கு 13.6 எலக்ட்ரான் வோல்ட், அணுக்கருப் பிணைப்பாற்றலுக்கு ஒரு அணு நிறை அலகு 931.5 மெகா எலக்ட்ரான் வோல்ட், இவை கையில் இருந்தால் மற்றதை ஒரு நாளில் முடிக்கலாம். சார்பியலில் மியூவான் என்ற, சீக்கிரம் சிதையும் துகளின் கணக்கை விடாதீர்கள், 2.2 மைக்ரோ நொடி ஆயுள் அதனோடு கூடப் பயணிக்கிறவருக்குத்தான், தரையில் இருப்பவருக்கு அது நீளும்.

பஸ்ஸில் கணக்குப் போட முடியாது, சரி. பழைய கேள்வித்தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கணக்குக்கும் ஃபோட்டானா எலக்ட்ரானா, எந்தச் சூத்திரம் என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். செக்கானூரணி வருவதற்குள் ஒரு தாள் முடிந்துவிடும்.

அப்புறம், கால்குலேட்டர். காம்ப்டன் கணக்கில் கொசைன் வரும். ஹாலுக்குள் உட்கார்ந்ததும் அது டிகிரியில் இருக்கிறதா என்று கொசைன் 60 போட்டுப் பாருங்கள், 0.5 வராவிட்டால் ரேடியனில் கிடக்கிறது.